பர்ச்மியர் வரிசையில் நிற்கும் பெரியவருக்கும், மற்ற எல்லாருக்கும்

போன செவ்வாய்க்கிழமை என் மனைவியை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நடந்தது என்ன என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும், பாதிப் பேர் அந்த மருத்துவமனை நடையில் என்னோடு நின்றவர்கள்தான், அதனால் அதை மறுபடி எழுதப் போவதில்லை. எழுதத் தெம்பும் இல்லை. இப்போது கூடத்துச் சோபாவில் படுத்துக்கொண்டு, உப்பில்லாத கஞ்சியை மனுஷி குடிப்பாளா என்று என்னோடு சண்டை போடுகிறாள். போடட்டும், இன்னும் ஒரு மாதத்துக்குப் போடட்டும்.

முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது விட்டுப்போவார்கள். ரசமும் பருப்புத் துவையலும் டப்பாக்களில் போட்டு வாசலில் வைத்துவிட்டு மணிகூட அடிக்காமல் போனவர்கள், சின்னவளைப் பள்ளியிலிருந்து தினமும் அழைத்து வந்து வீட்டுப் பாடமும் எழுத வைத்தவர்கள், பணம் அனுப்பிவிட்டு அதைப் பற்றிப் பேச்சே எடுக்காதவர்கள், ஊரில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள், ராத்திரி ஷிப்டில் எனக்கும் சேர்த்துக் காபி போட்ட செவிலியர்கள், அப்புறம் 17 பேர் கையெழுத்துப் போட்டு ஒரு அட்டை அனுப்பிய, செல்டம் சீன் என்ற அமெரிக்க இசைக்குழுவின் ரசிகர்கள். அந்த அட்டையில் இருந்த பேர்களில் நாலு பேரைத்தான் எனக்கு முகம் தெரியும். எல்லாருக்கும் கை கூப்பி நன்றி. டப்பாக்களைக் கழுவி வைத்திருக்கிறேன், யாருடையது எது என்று மட்டும் தெரியவில்லை, வந்து பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த மடல் முக்கியமாக ஒருவருக்கு. அவருக்குத் தமிழ் தெரியாது. அவர் பேத்தி எதிலாவது போட்டு மொழிபெயர்த்துச் சொல்வாள் என்று நினைக்கிறேன், பாஞ்சோ (அவரும் நானும் பேசுகிற தந்தி வாத்தியம்) பஞ்சாமிர்தம் ஆகாமல் இருந்தால் சரி.

இங்கே இருக்கிற நம் ஆட்களில் பலருக்கு என் பைத்தியம் தெரியும். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவில், மவுண்ட் வெர்னன் அவென்யூவில் இருக்கிற பர்ச்மியர் அரங்கில் செல்டம் சீன் வாசிக்கிறார்கள் என்றால் நான் வேறு எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன். சீமந்தத்துக்கு வராததற்கு ஒரு வீட்டில் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அவர்கள் வாசிக்கும் புளூகிராஸ் இசை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ட்ரம்ஸ் கிடையாது. இருப்பவை பாஞ்சோ, மாண்டலின், கிதார், பெரிய நின்ற பாஸ், அப்புறம் டோப்ரோ. டோப்ரோவை மடியில் படுக்க வைத்து ஒரு இரும்புத் துண்டை மேலே இழுத்து வாசிப்பார்கள், கோட்டு வாத்தியம் கேட்டவர்களுக்கு அந்தக் கமகம் உடனே பிடிபட்டுவிடும். பாஞ்சோவில் ஐந்தாவது தந்தி மட்டும் குட்டையாக, கழுத்தின் உச்சியிலிருந்து சற்றுத் தள்ளித் தொடங்கும், அது தம்புரா மாதிரி ஒரே சுருதியை இடைவிடாமல் தட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு இந்த இசை பிடித்துப்போனதற்கு அந்தக் குட்டித் தந்திதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது. என் மனைவிக்கோ அது தகர டப்பாவில் மழை பெய்கிற சத்தம். ஆனாலும் என் ஐம்பதாவது பிறந்தநாளுக்குப் பாஞ்சோ வாங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

பர்ச்மியரில் வாசலில் எண் சீட்டு தருவார்கள். எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போய் மேஜை பிடிக்க வேண்டும். ஐந்நூறு பேர்தான் கொள்ளும். அதனால் முன்மேஜை வேண்டுமென்றால் வெயிலோ குளிரோ சீக்கிரமே போய் நிற்க வேண்டும், அப்படி நின்று நின்று பழக்கமானவர் பெரியவர். வயது எழுபதுக்கு மேல். 1970-களில் மேரிலண்டின் பெதஸ்டாவில் ரெட் ஃபாக்ஸ் என்ற விடுதியில் இவர்கள் வாரா வாரம் வாசித்த காலத்திலிருந்தே கேட்கிறவர். ஏழு வருஷமாக வரிசையில் பேசிக்கொள்கிறோம், குழுவில் மாண்டலின் வாசித்த ஜான் டஃபியின் வாசிப்பைப் பற்றி, தலைமுடியைப் பற்றி, கண்ணைப் பறிக்கும் அவருடைய கால்சட்டைகளைப் பற்றி. அவர் பேரக்குழந்தைகள் எத்தனை என்று எனக்குத் தெரியாது, நான் எந்த ஊர்க்காரன் என்று அவரும் கேட்டதில்லை.

ஜனவரியில், மூன்றாவது வாரம், மருத்துவமனைக் கார் நிறுத்தத்தில் ராத்திரி ஒன்பதரைக்கு என் வண்டி கிளம்பவில்லை. பேட்டரி செத்துவிட்டது. பனி. வண்டியில் ஜம்பர் கேபிள் இல்லை. நம் ஆட்களைக் கூப்பிட்டிருக்கலாம், ஆனால் அந்த மூன்று வாரத்தில் எல்லாரையும் அத்தனை தடவை கூப்பிட்டிருந்தேன், இன்னொரு தடவை போனை எடுத்து "ஒரு உதவி" என்று ஆரம்பிக்க வாய் வரவில்லை. பக்கத்திலேயே இருப்பவர், கேபிள் கட்டாயம் வைத்திருப்பவர் என்று யோசித்தால் பெரியவர் முகம்தான் வந்தது. அட்டை அனுப்பியவர்களில் அவரும் ஒருவர், தொலைபேசி எண் எழுதியிருந்தார்.

இருபது நிமிஷத்தில் வந்தார். தொப்பி, கையுறை, பழைய பிக்கப். கேபிளை மாட்டினார், என்னை உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பச் சொன்னார், வண்டி கிளம்பியது. கேபிளைச் சுருட்டிக்கொண்டே பின்சீட்டைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அது எத்தனை நாளாக அங்கே இருக்கிறது?"

பாஞ்சோ பெட்டி. அவளுக்கு முடியாமல் போன அன்றைக்குப் பாஞ்சோ வகுப்புக்குக் கிளம்பியவன்தான் நான், வழியில் போன் வந்தது, அப்புறம் அதை யார் நினைத்தது. மூன்று வாரமாக உறைபனியில் கிடக்கிறது. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு தந்தி அறுந்து சுருண்டு கிடந்தது, மற்றவை தொளதொளவென்று, குதிரை சாய்ந்து ஓரமாய்ப் போயிருந்தது. வீணையில் குதிரை என்கிறோமே, தந்தியைத் தாங்கும் அந்தக் கட்டை, பாஞ்சோவில் அதை ஒட்ட மாட்டார்கள். தந்தியின் இறுக்கத்தில்தான் அது நிற்கும். தந்தி தளர்ந்தால் விழுந்துவிடும்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். மனைவி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார், நம்பிக்கையோடு இரு, நீ சாப்பிட்டாயா, எதுவும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் அதையெல்லாம் கேட்காத ஒரே ஆள். "மரத்தை இப்படி வைக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, எடுத்துப் போகட்டுமா என்று கேட்டார். தலையாட்டினேன். ஏன் என்று தெரியவில்லை, வண்டிக்குள் உட்கார்ந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாக அழுதேன், பேட்டரி சார்ஜ் ஆகட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு.

பதினோரு நாள் கழித்துக் காத்திருப்பு அறைக்கே வந்தார், கையில் பெட்டியோடு. என் மடியில் வைத்துத் திறந்தார். ஐந்து தந்தியும் புதுசு. குதிரையின் மூன்று காலும் நிற்கிற இடத்தைச் சுற்றி வெள்ளைத் தோலில் பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டிருந்தார். அது விழுந்தால் இனி நானே நிறுத்திக்கொள்வதற்காம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (வீணையில் மெட்டு என்கிறோமே, அது) விரலை அழுத்தாமல் தொட்டு மீட்டிக் காட்டினார், அப்புறம் அழுத்தி மீட்டினார், இரண்டும் ஒரே சுருதியில் நின்றால் குதிரை சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். மிக மெதுவாகத்தான் மீட்டினார், அந்த அறையில் வேறு குடும்பங்களும் இருந்தன. அடுத்த தடவை எல்லாத் தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றாதே, ஒன்றைக் கழற்றி ஒன்றை மாட்டு என்றார். ஜி-டி-ஜி-பி-டி, ஐந்து தந்தியின் சுருதியும் நேராக நின்றது.

எவ்வளவு என்றேன். வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். "தந்தி எட்டு டாலர்." பத்து கொடுத்தேன், பர்ஸைத் துழாவி இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். அந்த இரண்டு டாலரை நான் இன்னும் செலவழிக்கவில்லை. எல்லாரிடமும் வாங்கிக்கொண்டே இருந்த நாட்களில் ஒருவருக்காவது பைசா பாக்கியில்லாமல் கணக்குத் தீர்த்துவிட்டேன் என்று நிமிர்ந்து உட்கார முடிந்தது. அதை யோசித்துத்தான் அவர் செய்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்டால் முறைப்பார்.

அப்புறம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம். ஒரு வார்த்தை பேசவில்லை. பர்ச்மியருக்குப் போனவர்களுக்குத் தெரியும், நிகழ்ச்சி நடக்கும்போது அங்கே பேசக் கூடாது. ஸ்பூன் தட்டில் படுகிற சத்தத்துக்கே பக்கத்து மேஜையில் திரும்பிப் பார்ப்பார்கள். ஐம்பது வருஷம் அப்படி உட்கார்ந்து பழகிய மனிதர் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குழுவைப் பற்றியும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் காத்திருப்பு அறையில் மனசு கண்டபடி ஓடும், என் மனசு அங்கேதான் ஓடியது. 1971-ல் இவர்கள் சேர்ந்தபோது ஒருத்தரும் வேலையை விடவில்லை. பென் எல்ட்ரிஜ் கணிதக்காரர், அவர் வீட்டு அடித்தளத்தில்தான் வாசித்துப் பார்க்க ஆரம்பித்தார்கள். டாம் கிரே நேஷனல் ஜியாகிரஃபிக்கில் வரைபடம் போடுகிறவர். மைக் ஆல்ட்ரிஜ் ஓவிய வடிவமைப்பு. ஜான் டஃபி கடையில் வாத்தியம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார், நம் பெரியவர் செய்த அதே வேலை. முன்னின்று பாடிய ஜான் ஸ்டார்லிங் காது மூக்குத் தொண்டை அறுவை மருத்துவர். கண்ட்ரி ஜென்டில்மென் குழுவின் சார்லி வாலர், இப்படி எப்போதாவது தலைகாட்டும் ஆட்களுக்கு அபூர்வ தரிசனம் (ஆங்கிலத்தில் seldom seen) என்றுதான் பேர் வைக்க வேண்டும் என்கிற மாதிரி கிண்டலடித்தார், அதையே seen-ஐ scene என்று எழுத்துக்கூட்டல் மாற்றிப் பெயராக வைத்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு ராத்திரி, உள்ளூரிலேயே. சீட்டாட்டத்துக்குப் பதிலாக என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அன்றைக்கு அறுவை முடிந்து டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினாரே, அந்த வினாடியில் எனக்கு வந்த நினைப்பு என்ன தெரியுமா, இவர் வியாழக்கிழமை எங்கே பாடுவார் என்று. பைத்தியக்காரத்தனம்தான்.

டஃபி 1996 டிசம்பரில் மாரடைப்பில் போனபோது எல்லாம் முடிந்தது என்றுதான் பெரியவரே நினைத்தாராம். முடியவில்லை. டட்லி கானல், ஃப்ரெட் டிராவர்ஸ், ரானி சிம்ப்கின்ஸ் மூன்று பேரும் அதற்கு ஒரு வருஷம் முன்னால்தான் சேர்ந்திருந்தார்கள், லூ ரீட் திரும்பி வந்தார், வாசித்தார்கள். ஆல்ட்ரிஜ் 2012-ல், ஸ்டார்லிங் 2019-ல், எல்ட்ரிஜ் 2024-ல் என்று ஒவ்வொருவராகப் போனார்கள். எல்ட்ரிஜ் 2016-லேயே மேடையை விட்டுவிட்டார், அதற்கப்புறம் தொடக்கத்து ஐவரில் ஒருவர்கூட மேடையில் இல்லை. பேர் மட்டும்தானே பாக்கி, எதற்கு இன்னும் போகிறீர்கள் என்று என் மனைவி கேட்பாள். நியாயமான கேள்வி, நானும் சரியாகப் பதில் சொன்னதில்லை. ஒவ்வொரு தந்தியாக மாற்றினால் குதிரை விழாது என்று பெரியவர் காட்டியபோது பதில் கிடைத்த மாதிரி இருந்தது. அவளிடம் சொன்னேன். கஞ்சியில் உப்புப் போடுங்கள், அப்புறம் தத்துவம் பேசலாம் என்றாள்.

இனி என் வண்டியில் ஜம்பர் கேபிள் எப்போதும் இருக்கும். இரண்டு செட் பாஞ்சோ தந்தியும் இருக்கும். வரிசையில் யாருக்காவது தேவைப்பட்டால் கூப்பிடுங்கள், எட்டு டாலர்தான், சில்லறை வைத்திருப்பேன். யாராவது ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்தால் வந்து பக்கத்தில் உட்காரவும் தயார், பேசாமல் உட்காரத்தான் இன்னும் பழக வேண்டும், நான் வாயாடி என்பது ஊரறிந்தது.

ஐயா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் குட்டித் தந்தி மட்டும் அரை மணிக்கு ஒருதரம் இறங்குகிறது. முறுக்காணியின் திருகை இறுக்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குக் கொண்டு வருகிறோம். பின்சீட்டில் போட மாட்டேன். நான் வண்டி ஓட்டுவேன், பெட்டியை அவள் மடியில் வைத்துக்கொண்டு வருவாள்.