சுளுக்கு வழிக்க நாள் பார்க்க வேண்டும்

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. பெரியவள் கல்லூரியில் சேர்ந்ததில் ரொம்ப சந்தோஷம். சின்னவன் விஷயம்தான் மனசை உறுத்துகிறது. கபடியில் கால் பிரண்ட அன்றைக்கே சுளுக்கு வழிக்கக் கூட்டிப்போனாய், மறுநாள் வீக்கம் இரண்டு பங்கானது. வழித்தவர் கையில் குறையில்லை, நாள்தான் தப்பு.

பாதம் உள்பக்கம் மடங்கும்போது வெளிக்கணுவுக்கு முன்னால் இருக்கும் ஜவ்வுதான் முதலில் கிழியும். கூடவே சின்ன ரத்தக்குழாய்களும் அறும். அவை அடைபடுவதற்குள் அழுத்தி உருவினாலோ வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாலோ மறுபடி கசியும். முதல் 2, 3 நாளுக்குக் காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே தூக்கி வைத்து, விரலடியிலிருந்து மேல்நோக்கி கிரேப் பேண்டேஜ் சுற்றினால் போதும். விரல் மரத்தாலோ நீலம் பாய்ந்தாலோ உடனே அவிழ்த்துத் தளர்வாகச் சுற்று.

கை வைக்குமுன் எலும்பைப் பார். 1992-இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் வகுத்த சோதனை இது. இருபக்கக் கணுவெலும்புகளின் பின்விளிம்பில் கீழ் 6 செ.மீ., சுண்டுவிரல் பக்கம் பாதத்தின் நடுவே புடைத்த எலும்பு, உள்பாதத்தின் மேட்டெலும்பு ஆகிய இடங்களை விரலால் அழுத்து. ஒன்றில் வலித்தாலும், நாலு எட்டு நடக்க முடியாவிட்டாலும், எக்ஸ்ரே எடுக்காமல் யாரும் தொடக்கூடாது.

எலும்பு சரியென்றால் இனி நீயே நீவிவிடலாம். மல்லாக்கப் படுக்க வைத்து, குதிகாலுக்கடியில் இரண்டு தலையணை. அரை ஸ்பூன் நல்லெண்ணெய் போதும், வழுக்குவதற்குத்தான் எண்ணெய். எல்லாரும் வீங்கிய இடத்தில் ஆரம்பிப்பார்கள், அதுதான் பிசகு. முதலில் தொடை, பிறகு முழங்காலின் பின்குழி, பிறகு ஆடுசதை, கடைசியில்தான் கணுக்கால். மேலே வழிவிட்டால்தானே கீழே தேங்கிய நீர் ஏறும்? உள்ளங்கை முழுதும் படிய, கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு மெதுவாக இழு. திரும்பும்போது கையை எடுத்துவிடு, கீழ்நோக்கி உருவாதே. தேங்கிய நீரை மேலே கொண்டுபோகும் நிணநீர்க் குழாய்கள் தோலுக்குச் சற்றுக் கீழேயே ஓடுகின்றன, அவற்றின் வால்வுகள் இதயப்பக்கமே திறக்கும். அதனால் பலம் வேண்டாம். தோல் சிவந்தாலே அழுத்தம் அதிகம். தினம் இருமுறை, 10 நிமிடம். முடித்ததும் பாதத்தை மேலும் கீழும் 20 முறை ஆட்டச் சொல். பலன் தெரிய வேண்டுமா? வீக்கத்தில் கட்டைவிரலை 5 விநாடி அழுத்தி எடு. விழும் குழி நாளுக்கு நாள் ஆழம் குறைய வேண்டும்.

வலி அடங்கி இரண்டு வாரமான பிறகு, கிழிந்த ஜவ்வின் மேலேயே நார்களுக்குக் குறுக்காக விரல்நுனியால் தேய்க்கலாம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையின் ஜேம்ஸ் சிரியாக்ஸ் பரப்பிய முறை. எண்ணெய் கூடாது, விரலும் தோலும் சேர்ந்தே நகர வேண்டும். இது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். ஜவ்வைத் தேற்றுவது பயிற்சிதான். ஒற்றைக்காலில் 30 விநாடி ஆடாமல் நிற்க வராதவனைக் களத்தில் இறக்காதே, அதே கால்தான் திரும்பப் பிரளும்.

கபடிப் பையன்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. தொடையில் அடிபட்டுக் கன்றிய இடத்தை முதல் நாட்களிலேயே அழுத்திப் பிசைந்தால் சதைக்குள் எலும்பு வளரக்கூடும். அங்கே கையே வைக்காதே. படுத்தே கிடந்தவருக்கு ஒரு காலின் ஆடுசதை மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும் அப்படித்தான். உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், உருவினால் அது நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். நேரே மருத்துவமனைக்குத்தான்.

இரண்டு கணுக்காலையும் ஒரே இடத்தில் தையல் டேப்பால் அளந்து, வித்தியாசம் எத்தனை செ.மீ. என்று ஞாயிறுதோறும் எனக்கு எழுது. அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
குமார்