மாலில் இருந்த கிளையை ஏன் மூடுகிறோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். மாலில் எங்கள் பாத்திரக்கடைக்கு நாங்கள் நடத்திவந்த கிளை இந்த மாதக் கடைசியோடு மூடப்படுகிறது. தெற்கு ரத வீதியில் இருக்கும் பழைய கடை எப்போதும்போல நடக்கும். “என்ன அண்ணாச்சி, நட்டமா?” என்று போனில் கேட்கிறவர்களுக்கெல்லாம் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. நட்டம்தான். ஆனால் அது மட்டும் காரணமில்லை.

அங்கே போனதே உங்களில் பலர் சொல்லித்தான். ரத வீதியில் கார் நிறுத்த இடமில்லை, கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்குக் கழிப்பறை இல்லை, கத்திரி வெயிலில் நிற்க முடியவில்லை என்றீர்கள். எல்லாமே நியாயமான குறைகள்.

நெல்லையில் கடைத்தெரு ஒரே இடத்தில் நின்றதும் கிடையாது. முதலில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி நாலு ரத வீதி. தேர் ஓடுகிற தெருவிலேயே வியாபாரம். 1843-இல் தாமிரபரணியின் குறுக்கே சுலோச்சன முதலியார் பாலம் திறந்து, பாளையங்கோட்டைக்காரர்கள் டவுனுக்கு வருவது சுலபமானது. ரயில் வந்தபின் ஜங்ஷன் தனி ஊர்போல வளர்ந்தது. 1973-இல் ஈரடுக்கு மேம்பாலம். அப்புறம் வண்ணாரப்பேட்டை. 1924-இல் நெல்லையில் தொடங்கிய ஆரெம்கேவி ஜவுளிக்கடைக்கே இன்று அங்கே பெரிய கடை. டவுன் போஸ் மார்க்கெட்டையும் இடித்துப் புதிதாகக் கட்டியாயிற்று. கூட்டம் திரும்புகிற பக்கம் கடையும் திரும்பும். நாங்களும் திரும்பினோம்.

ஒரே கூரையின் கீழ் பல கடை என்பதும் நமக்குப் புதிதல்ல. மதுரை புதுமண்டபத்தில் தூணுக்குத் தூண் தையல்காரரும் பாத்திரக்கடையுமாக எத்தனை வருடம் இருந்தார்கள்! ஆனால் இன்றைய மாலின் கணக்கு வேறு. கட்டடக்கலை படிக்கும் எங்கள் மகன், கணக்கு நோட்டின் பின்னட்டையில் படம் போட்டு அதை விளக்கினான். 1956-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், எடினா என்ற ஊரில் சவுத்டேல் என்று ஒரு மால் திறந்தார்கள். முழுக்க மூடி, உள்ளே குளிரும் வெப்பமும் ஒரே அளவில் வைத்த முதல் பெரிய மால் அதுதான். வரைந்தவர் வியன்னாவில் பிறந்த விக்டர் குரூன். வீடு, பள்ளிக்கூடம், பூங்கா எல்லாம் சுற்றிலும் அமைந்து, நடுவில் ஜனம் கூடுகிற ஊர்ச் சதுக்கமாக அது இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாராம். கட்டியவர்கள் கடையையும் கார் நிறுத்துமிடத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் மால்களைத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொள்ளவே அவர் மறுத்துவிட்டார்.

சவுத்டேலின் இரண்டு முனையிலும் இரண்டு பெரிய கடைகள் இருந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கிற ஜனம் வழியில் சின்னக் கடைகளைப் பார்க்கும். இன்றுவரை அந்தச் சூத்திரம்தான். பெரிய கடைக்கு ‘ஆங்கர்’ என்று பெயர். ஆளை இழுத்து வருகிறது என்பதால் அதற்குச் சதுர அடி வாடகை குறைவு. அந்தக் குறைவையும் சேர்த்து எங்களைப் போன்றவர்கள் சுமக்கிறோம். சாப்பாட்டுக் கடைகளை மேல்மாடியில் வைப்பதும் வழியெல்லாம் பார்த்துக்கொண்டே ஏறட்டும் என்றுதான். ஏறினார்கள், பார்த்தார்கள், தோசை சாப்பிடப் போனார்கள். தூக்குவாளி வாங்கவில்லை.

வாடகைச் சீட்டில் 400 சதுர அடி. உள்ளே அலமாரி போட அளந்தால் 250 தேறவில்லை. நடை, லிஃப்ட், கழிப்பறை எல்லாவற்றிலும் எங்கள் பங்கைச் சேர்த்துக் கணக்குப் போட்டிருந்தார்கள். பராமரிப்புக் கட்டணம் தனி. எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கையெழுத்துப் போடும் முன் டேப் பிடித்து அளக்காதது என் தப்பு.

இதையும் தாங்கியிருப்போம். தாங்க முடியாதது வேறு. சீவலப்பேரிப் பக்கத்து ஆச்சி ஒருவர், பித்தளைச் சருவப் பானை ஒன்றைச் சாக்கில் கட்டிக்கொண்டு மாலுக்கு வந்தார். ஈயம் பூச வேண்டும். வாசலில் சாக்கை அவிழ்த்துக் காட்டச் சொன்னார்களாம். அதைத் தாண்டி எஸ்கலேட்டர் அடியில் நின்றுகொண்டு பேத்தியின் போனில் கூப்பிடுகிறார்: “அண்ணாச்சி, நான் கீழதான் நிக்கேன். படி ஓடிக்கிட்டே இருக்கு, காலு வைக்கப் பயமா இருக்கு.”

இறங்கிப்போய் வாங்கினேன். ஆனால் அதை அங்கே வைத்து என்ன செய்ய? ஈயம் பூசுகிறவருக்குக் கரியடுப்பு வேண்டும். ஏனத்தைப் புளி போட்டுத் தேய்த்து, சுடவைத்து, நவச்சாரம் தூவினால் குபீரென்று வெள்ளைப் புகை கிளம்பும். அந்தச் சூட்டிலேயே வெள்ளீயத்தை வைத்துத் துணியால் ஒரு சுற்றுச் சுற்றினால் உள்ளே வெள்ளியாக மினுங்கும். மாலில் இதைச் செய்தால் தீ எச்சரிக்கை மணி அடித்துவிடும். ஒடுக்கெடுக்கத் தட்டினால் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் எட்டிப் பார்ப்பார். பழைய பித்தளை எடைக்கு எடுக்கத் தராசு வைக்கவும் அனுமதியில்லை. எங்கள் தொழிலில் பாதி, விற்றபிறகு நடப்பது. அதை வெளியே நிறுத்திவிட்டுப் பளபளப்பை மட்டும் அங்கே வைத்திருந்தோம்.

மால் கெட்டது என்று சொல்ல வரவில்லை. செல்போனும் செருப்பும் விற்கிறவர்களுக்கு அது தோதான இடம்தான். நாங்களே படம் பார்க்க அங்கே போவோம்.

கிளையில் பொங்கல்படிப் பானைக்கும் சீர்ச் சாமானுக்கும் முன்பணம் கட்டியவர்கள் அதே சீட்டை ரத வீதிக் கடையில் காட்டினால் போதும், சொன்ன விலைதான். பெயர் வெட்டக் கொடுத்த ஏனங்கள் எல்லாம் இங்கே வந்துவிட்டன. காரில் வருகிறவர்கள் ஒரு போன் போடுங்கள், பையன் சாமானைக் கொண்டுவந்து வண்டியில் ஏற்றுவான். கழிப்பறை ஒன்று பின்கட்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம். ஓடு பதிக்கிற வேலை பாக்கி.

ஈயம் பூசுவது செவ்வாயும் வெள்ளியும், காலை பத்து மணிக்குமேல். சீவலப்பேரி ஆச்சியின் சருவம் தயார். அவரைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள், அவர் கொடுத்த நம்பரில் போன் போகமாட்டேன் என்கிறது.

இப்படிக்கு,
பாத்திரக்கடையார்,
தெற்கு ரத வீதி, திருநெல்வேலி டவுன்