தேரி மணலும் அரியலூர்க் கல்லும்

அரியலூர்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை நல்லபடியாக முடிந்து, நீயே உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்ததே எனக்குப் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் டாக்டர் சொன்ன நாள்வரை விட்டுவிடாதே. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்குக் கரூரில் வங்கி வேலை உறுதியாகிவிட்டது. வாரக் கடைசியில் வந்து போகிறாள். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

உன் பேரன் கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். மணற்கல் மணலால் ஆனது, சுண்ணாம்புக்கல் சிப்பியால் ஆனது, உப்பும் அதே பட்டியலில் இருக்கிறது, மூன்றையும் எப்படிப் படிவுப்பாறை என்று ஒன்றாகச் சேர்த்தார்கள் என்று கேட்டிருக்கிறான். பாடப்புத்தகம் மூன்று வகைப் பாறை என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது. இந்தப் பிள்ளைதான் நின்று யோசித்திருக்கிறான்.

அவனிடம் இப்படிச் சொல். பொருள் எதுவாக இருந்தாலும் சரி, காற்றோ நீரோ உயிரினமோ கொண்டுவந்து சேர்த்து, அது அடுக்கடுக்காகப் படிந்து கல்லானால் படிவுப்பாறை. அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது என்று அடுத்துக் கேட்டால் உள்வகை பிரியும். வேறெங்கோ இருந்த பாறை உடைந்து, அந்தத் துகள்கள் அடித்து வரப்பட்டால் ஒரு வகை. நீரில் கரைந்திருந்தது வேதிவினையால் பிரிந்து படிந்தால் இன்னொரு வகை. உயிரினங்களின் ஓடும் உடலும் சேர்ந்தால் மூன்றாவது. நெய்வேலி நிலக்கரியும் இந்த மூன்றாவதில்தான் வரும், அது மரமும் செடியும் புதைந்து ஆனது.

துகள் பாறைகளை அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். 2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சரளை, அதற்குக் கீழே 0.0625 மில்லிமீட்டர் வரை மணல், அதற்கும் கீழே 0.004 மில்லிமீட்டர் வரை வண்டல், அதைவிடச் சிறியது களிமண். ஏன் அளவைப் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கூழாங்கல்லை உருட்டிப்போக வேகமான வெள்ளம் வேண்டும். களிமண் துகளோ நீர் அசையாமல் கிடந்தால்தான் அடியில் இறங்கும். ஆகவே துகளின் அளவைப் பார்த்தாலே அன்றைக்கு அந்த இடத்தில் தண்ணீர் எப்படி ஓடியது என்று தெரிந்துவிடும். கற்கள் உருண்டையாக இருந்தால் வெகுதூரம் உருண்டு வந்தவை, முனை மழுங்காமல் இருந்தால் பக்கத்திலேயே உடைந்தவை. ஒரு கண்ணாடி பாட்டிலில் சரளை, மணல், தோட்டத்து மண் மூன்றையும் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைக்கச் சொல். மறுநாள் வரை அசைக்காமல் விட்டால் எது முதலில் இறங்கியது, எது கடைசிவரை கலங்கி நின்றது என்று அவனே எழுதிவிடுவான்.

இப்படிப் படிந்தது கல்லாக மாறுவதைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. மேலே பாரம் ஏறி அழுத்தினாலே போதும் என்று நினைக்கிறார்கள். சேற்றுக்கு அழுத்தம் நிறைய உதவும் என்பது உண்மைதான், புதிதாகப் படிந்த சேற்றில் பாதிக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். மணலுக்கு அது போதாது. துகள்களுக்கு நடுவில் நீர் ஊறிப்போய், சுண்ணாம்போ, மணலின் மூலப்பொருளான சிலிக்காவோ, துருப் போன்ற இரும்பு ஆக்சைடோ படிந்து ஒட்ட வேண்டும். இதற்கு எப்போதும் கோடி ஆண்டுகள் தேவை என்றும் இல்லை. ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கக் கடற்கரைகளில் அலை வந்து போகும் இடத்தில் பலகை பலகையாகக் கிடக்கும் கடற்கரைப் பாறையை நீ மிதித்திருப்பாய். மணலையும் சிப்பித் தூளையும் கடல்நீரின் சுண்ணாம்பு ஒட்டியது அது. சாதகமான இடத்தில் சில பத்தாண்டுகளிலேயே இப்படி இறுகிவிடும். உங்கள் பக்கத்துச் செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு மணலிலும் இரும்பு ஆக்சைடு இருக்கிறது, அந்தச் சிவப்பே அதுதான். ஆனால் அங்கே அது ஒவ்வொரு மணலின் மேலும் பூச்சாகத்தான் இருக்கிறது, சேர்த்துப் பிடிக்கவில்லை. அதனால் தேரி இன்னும் மணலாகவே காற்றில் நகர்கிறது. கையில் கொஞ்சம் தேரி மணலும், கடற்கரைப் பாறையில் ஒரு துண்டும் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாலே பையனுக்குப் பாதி பாடம் முடிந்துவிடும்.

உப்பையும் அவன் உப்பளத்தில் நேரில் பார்க்கலாம். கடல்நீர் வற்ற வற்ற எல்லாம் ஒன்றாகப் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு, பிறகு சாக்பீஸ் செய்ய உதவும் ஜிப்சம், அதற்குப் பிறகுதான் நாம் சாப்பிடும் உப்பு. உப்பளக்காரர்கள் பாத்திக்குப் பாத்தி தண்ணீரை மாற்றுவது இந்த வரிசை தெரிந்துதான்.

இதைச் சொல்லும்போது எங்கள் பக்கத்துக் காரை என்ற ஊர் நினைவுக்கு வருகிறது. பெரம்பலூர் பக்கம் காரை, குளக்கால்நத்தம் ஊர்களுக்கு வெளியே செடிகொடி அதிகம் இல்லாத களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகளோடு விரிந்து கிடக்கின்றன. அந்த வெடிப்புகளிலும் ஜிப்சம் பளபளவென்று இருக்கிறது. கடல் வற்றியபோது படிந்ததாக்கும் என்று பலர் சொல்வார்கள். உற்றுப் பார்த்தால் அந்த ஜிப்சம் களிமண் அடுக்குகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். ஒன்றை வெட்டிப் போவது அதற்குப் பிந்தியதாகத்தானே இருக்க முடியும்? களிமண் படிந்து இறுகிய பிறகு வெடிப்பில் நீர் ஊறி வந்து விட்டுப் போனது அது. பெயர் தெரிந்தால் மட்டும் போதாது, எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்ததற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்கவில்லை.

காரைக் களிமண்ணில் அம்மோனைட் கிடைக்கும், கடலில் வாழ்ந்து அழிந்துபோன சுருள் ஓட்டு உயிரியின் படிமம் அது. உங்கள் மாமியார் பூஜையில் வைத்திருந்த சாளக்கிராமத்தின் சுருள் நினைவிருக்கிறதா? அதே குலம்தான். அவை நேபாளத்துக் கண்டகி ஆற்றில் ஜுராசிக் காலத்துக் கரும்பாறையிலிருந்து உதிர்ந்து வருபவை. இங்கே உள்ளவை அதற்கும் பிந்திய, டைனோசர்கள் கடைசியாக வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்தவை.

தமிழ்நாட்டின் பெரும்பகுதி மிகப் பழைய கடினப் பாறைதான். அதன் விளிம்பில் கடல் ஏறி வந்து இறங்கிய தடம் எங்கள் பக்கம் வெளியே தெரிகிறது. அடுக்குகள் கிழக்கே லேசாகச் சாய்ந்திருப்பதால், மேற்கிலிருந்து கிழக்கே போகப் போக வயது குறையும். பிளான்போர்டு என்ற புவியியலாளர் 1862இல் இந்த அடுக்குகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதியாகப் பிரித்தார். அந்தப் பெயர்கள் இன்றும் நிற்கின்றன. கல்லக்குடியில் பவளமும் பாசியும் கட்டிய சுண்ணாம்புக்கல், காரையில் ஆழமான அமைதிக் கடலின் களிமண், பெரம்பலூர் பக்கத்துச் சாத்தனூரில் 18 மீட்டருக்கு மேல் நீளும் கல்மரம். 1940இல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்ன அந்த மரம் கடற்படிவுக்குள் கிடக்கிறது. கரையில் வளர்ந்த ஊசியிலை மரத்தை ஆறு கடலுக்குத் தள்ள, அது புதைந்து, மரத்தின் இடத்தைச் சிலிக்கா பிடித்துக்கொண்டது.

இன்னும் கிழக்கே வந்தால் கல்லங்குறிச்சி. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகள், தடித்த ஓடுகளாக, ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடக்கும். ஒரு துண்டைப் பொடித்து எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கும். இதைத்தான் வெட்டி, களிமண் சேர்த்து, 1,450 டிகிரிச் சூட்டில் சுட்டுச் சிமெண்ட் ஆக்குகிறார்கள். உன் மகன் மாடி எடுக்கிறான் என்று எழுதியிருந்தாயே, அந்தச் சிமெண்டுக்குள்ளும் ஏதோ ஒரு பழைய கடல் இருக்கும். கல்லங்குறிச்சிக்கு மேலே ஒட்டக்கோவில் மணற்கல், அதற்கும் மேலே டைனோசர் எலும்பு கிடைத்த கல்லமேடு. கடல் பின்வாங்கி நிலம் வந்துவிட்டது என்பதைக் கல்லே வரிசையாகச் சொல்கிறது.

சுரங்கத்தைப் பற்றி நீ கேட்டிருந்தாய். என் மனதில் இருப்பதைச் சொல்கிறேன். சுரங்கம் வெட்டியதால்தான் பல அடுக்குகளை நாம் செங்குத்தாகப் பார்க்க முடிந்தது, ஊரில் பல குடும்பங்களுக்குச் சோறும் அதுதான். ஆனாலும் ஒவ்வொரு அடுக்கிலும் நல்ல ஓர் இடத்தையாவது வெட்டாமல் வேலி போட்டு வைக்க வேண்டும். சாத்தனூர் மரத்துக்குச் செய்ததைக் காரை மேடுகளுக்கும் செய்யலாமே. இன்னொன்று, அங்கே வருகிறவர்கள் அழகாகத் தெரியும் சிப்பியையும் சுருளையும் எடுத்துப்போகிறார்கள். எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் போன சிப்பி எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாது. அந்த அடுக்கிலும் ஒரு சாட்சி குறைந்துபோகும். இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது வசந்தி.

பொங்கல் கழித்து அவனை அழைத்துக்கொண்டு வா. திருச்சி வரை ரயிலில் வந்துவிடு, நாங்கள் கார் எடுத்து வருகிறோம். மழை நின்று ஓடைக்கரை காய்ந்திருக்கும், வெயிலும் உன் கண்ணை உறுத்தாது. கறுப்புக் கண்ணாடி மறக்காதே. அவனுக்கு ஒரு பூதக்கண்ணாடி, கோடு போட்ட நோட்டு, அளவுகோல் போதும், சுத்தியல் வேண்டாம். பார்ப்பதை வரைந்துகொள்ளட்டும், எடுக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லி வை. வாரணவாசி அருங்காட்சியகத்தில் தொல்லுயிர்ப் படிமங்களை வேண்டிய மட்டும் பார்க்கலாம். வரும்போது கொஞ்சம் தேரி மணலும், முடிந்தால் மக்ரூனும் கொண்டு வா.

உன் அன்புத் தோழி,
தமிழரசி