காலாண்டு முடிவும் வீட்டுக்கு வரும் இசைக்கருவிகளும்: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் உங்கள் கைக்கு வந்திருக்கும். பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத் திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் கலந்துகொண்ட எல்லோருக்கும் பாராட்டுகள். சத்துணவுக்கூடத்தின் ஒழுகல் சரிசெய்யப்பட்டுவிட்டது. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிறது, குடையில் பெயர் எழுதி அனுப்புங்கள். அலுவலக மூலையில் சேர்ந்திருக்கும் குடைகள் எல்லாம் கருப்பு.

இனி, இசை அறையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் கருவிகளைப் பற்றி.

கீபோர்டு, மிருதங்கம், கஞ்சிரா, ரெக்கார்டர் என்ற ஊதுகுழல் இவற்றை வெள்ளிக்கிழமை சாயந்திரம் முறைவைத்துக் கொடுத்தனுப்பி, திங்கட்கிழமை காலை வணக்கத்துக்கு முன் திரும்ப வாங்குகிறோம். இன்றைய பதிவேட்டின்படி ஆறு கருவிகள் வரவில்லை. அவற்றில் இரண்டு காலாண்டு விடுமுறைக்கு முன்பே போனவை. வகுப்பாசிரியர்கள் விசாரித்தபோது பெரும்பாலும் கிடைத்த பதில், "கட்டிலுக்கடியில பத்திரமா இருக்கு டீச்சர்."

அந்தப் பத்திரம்தான் எங்களுக்குக் கவலை. முறையாகக் கற்ற பிறகுதான் கருவியைத் தொடவேண்டும் என்று பல வீடுகளில் நினைக்கிறீர்கள். இது வகுப்பும் அல்ல, தேர்வும் அல்ல. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், வீட்டில் இருக்கிற எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தால் போதும். விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் கடலுக்குப் போகிறவர்களுக்கும் ராத்திரி தோதுப்படாது, ஞாயிறு மத்தியானம் வைத்துக்கொள்ளுங்கள். டி.வி.யை மட்டும் அணைத்துவிடுங்கள்.

சேர்ந்து பாடும்போது முதலில் இடறுவது சுருதி. கீபோர்டின் நடுப்பகுதியில், இரண்டு கருப்புக் கட்டைகள் ஜோடியாக இருக்கும் இடத்துக்கு இடப்பக்கம் ஒட்டியுள்ள வெள்ளைக் கட்டை 'சி'. நம்மவர்கள் ஒரு கட்டைச் சுருதி என்பது அதுதான். அதை ஸட்ஜமாக, அதாவது 'ஸ'வாக வைத்துத் தொடங்குங்கள். அப்பாவின் குரல் தானாகவே ஒரு ஸ்தாயி கீழே போய்விடும். அது தப்பில்லை, சுருதி சேர்ந்தே நிற்கும். அம்மா தன் வழக்கமான ஐந்து கட்டையில், அதாவது அந்த 'சி'க்குக் கீழே உள்ள 'ஜி'யில் பிடித்தால் கீழ் ஸ்வரங்களில் பிள்ளையின் குரல் வெறும் காற்றாக வரும். மேலே போகையில் கழுத்து நரம்பு புடைத்தால் சுருதி அதிகம், ஓரிரு கட்டை இறக்குங்கள். பிள்ளை சுருதி விலகிப் பாடுகிறதென்று சிரிக்காதீர்கள், பாதிப் பேருக்குக் குரலே அப்படிச் சிரிக்கும் இடத்தில்தான் அடைத்துப்போகிறது.

தாளத்துக்கு ஆதி தாளம் போதும். ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை, பின்பு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. மொத்தம் எட்டு. பாடுகிறவரே தாளமும் போட்டால் பாட்டு வேகமெடுக்கும்போது தாளமும் கூடவே ஓடும். ஆகவே தாளம் போடுகிறவர் பாடவேண்டாம். அந்த வேலையைப் பாட்டியிடம் கொடுங்கள்.

கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டுக் கேட்காத வீடு நம் பக்கத்தில் குறைவு. வில், உடுக்கை, குடம், தாளம், கட்டை எல்லாம் வீட்டில் இருக்காது, 'ஆமா' போடுவதற்கு ஒன்றுமே வேண்டாம். அன்றைக்குப் பள்ளியில் நடந்ததைப் பிள்ளை ஒரு வரி ராகமாக இழுத்துச் சொல்லட்டும், மற்றவர்கள் வரிக்கடைசியில் "ஆமா" என்று சேர்ந்து எடுக்கட்டும். வெறும் மண்குடத்தின் வாயை இரண்டாக மடித்த அட்டையால் தட்டினால் கும்மென்ற ஒலி கிடைக்கும். வகுப்பில் வாய் திறக்காத பிள்ளைகள்கூட இதில் அடங்கமாட்டார்கள்.

கருவி உங்கள் முறைக்கு வராத வாரங்களில் நான்கு கண்ணாடி டம்ளர்களை வெவ்வேறு அளவில் தண்ணீர் நிரப்பி மரக்கரண்டியால் மெல்லத் தட்டுங்கள். தண்ணீர் கூடினால் ஒலி தாழும், ஏனென்றால் அந்தக் கனத்தோடு சேர்ந்து கண்ணாடி மெதுவாக அதிர்கிறது. அதே தண்ணீரைப் பாட்டிலில் ஊற்றி அதன் வாயில் ஊதினால் நேர்மாறு, உள்ளே காற்றுக்கான இடம் சுருங்குவதால் ஒலி உயரும். காரணத்தைப் பிள்ளைகளே கண்டுபிடிக்க விடுங்கள்.

ரெக்கார்டருக்கு மூன்று ஸ்வரம் போதும். இடக்கைப் பெருவிரல் பின்துளையையும், ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முன்னால் மேலிருந்து மூன்று துளைகளையும் மூடினால் ஸ என்று வைத்துக்கொள்ளுங்கள். மோதிரவிரலை எடுத்தால் ரி, நடுவிரலையும் எடுத்தால் க. கீச்சென்று கத்தினால் ஒன்று துளை முழுக்க மூடவில்லை, அல்லது ஊதல் பலம். மெழுகுவர்த்திச் சுடர் அணையாமல் ஆடும் அளவுக்கு ஊதினால் போதும். பல வாய்கள் ஊதும் கருவி என்பதால் திருப்பித் தருமுன் பாகங்களைத் திருகிக் கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். கொதிநீர் வேண்டாம்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் கசப்பு.

ஒரு கீபோர்டு, முனை பொருந்துகிறது என்பதற்காக வைஃபை மோடத்தின் 12 வோல்ட் அடாப்டரைச் சொருகியதால் எரிந்து வந்திருக்கிறது. வோல்ட் அளவும், முனைக்கான கூட்டல் கழித்தல் குறியும் கருவியின் பின்புறம் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப்போனால் மட்டும் சொருகவேண்டும். இடி மின்னல் நேரத்தில் ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து ஸ்பிரிங் பச்சை பூத்துவிடும். மிருதங்கத்தின் தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில் ஒட்டிய ரவைப் பசையை எடுக்காமல் விட்டு, காய்ந்தபின் கத்தியால் சுரண்டித் தோலைக் கிழித்திருக்கிறார்கள். வாசித்து முடித்த உடனே ஈரமாக இருக்கும்போதே வழித்து, துணியால் துடைக்கவேண்டும். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின் கருப்பு வட்டத்தில் தண்ணீர் படக்கூடாது, குச்சி படவே கூடாது. கஞ்சிராவுக்கு உட்புறம் ஐந்தாறு சொட்டு நீர் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால் சுருதி இறங்கும். கை நிறையத் தெளித்தால் தொபதொபவென்றுதான் கேட்கும், அதை அடுப்பில் காட்டி உலர்த்தினால் தோல் வெடிக்கும். எங்களிடம் இருப்பவை ஆட்டுத்தோல் கஞ்சிராக்கள். உடும்புத்தோல் மாட்டித்தரலாம் என்று ஒரு தாத்தா சொல்லியனுப்பினார். அன்புக்கு நன்றி, ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடந்தராது.

வரும் திங்கட்கிழமைக்குள் ஆறு கருவிகளும் வந்து சேராவிட்டால், வந்து சேரும்வரை எந்த வீட்டுக்கும் எதுவும் கொடுத்தனுப்பப்படாது. இனி ஒரு திங்கள் தவறினால் அந்த வீட்டின் அடுத்த இரண்டு முறைகள் போகும். கல்யாண வீட்டுக்கோ கொடைக்கோ இக்கருவிகளை இரவல் கொடுக்கவே கூடாது. உடைந்தால் மறைக்காதீர்கள், நீங்களே பழுதுபார்க்கவும் வேண்டாம், அப்படியே கொண்டுவாருங்கள். கைதவறி உடைந்ததற்கு இதுவரை யாரிடமும் பணம் கேட்டதில்லை, இனியும் கேட்கப்போவதில்லை. தாமதத்தைத்தான் பொறுக்கமுடியவில்லை, ஏனென்றால் வரிசையில் அடுத்து நிற்பதும் ஒரு பிள்ளைதான்.

இந்த ஏற்பாட்டை நிறுத்த எங்களுக்குத் துளியும் விருப்பமில்லை. மழையில் நனையாமல் மிருதங்கத்தைத் தார்ப்பாயில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்த பெற்றோர் இருக்கிறீர்கள். வாங்கியதைவிடச் சுத்தமாகக் கழுவி, புதுத் துணிப்பையில் போட்டு அனுப்பியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் இசை ஆசிரியர் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்

பி.கு.: பச்சை உறை போட்ட கஞ்சிரா எந்த வீட்டுக்குப் போனதென்று பதிவேட்டில் எழுதாமல் விட்டது எங்கள் தவறு. உங்கள் கட்டிலுக்கடியில் இருந்தால் தயவுசெய்து கொடுத்தனுப்புங்கள்.