டாங்கி கதையில நம்ம சிலிம் ரீவர் எங்க போச்சு?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலர்ல டாங்கி வரலாறுன்னு ஒரு பக்கம் முழுக்க போட்டிருந்தீங்க. படம்லாம் நல்லா இருந்துச்சு, என் பேரன் வெட்டி எடுத்து நோட்டுல ஒட்டிட்டான். ஆனா படிச்சு முடிச்சதும் எனக்கு மனசு கேக்கல. சர்ச்சில் கண்டுபிடிச்சார்னு ஆரம்பிச்சு ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன்னு ஒரு சுத்து சுத்திட்டு முடிச்சிட்டீங்க, மலாயாவ பத்தி ஒரு வரி கூட இல்ல. நான் இருக்கறது 1942ல ஜப்பான் டாங்கிங்க புகுந்து சண்டை போட்ட சிலிம் ரீவர்ல, 26 வருஷம் தோட்டத்துல டிராக்டர் ஓட்டினவன், அதுல பாதி நாள் செம்பனை பழம் ஏத்தினது, பாதி நாள் சேத்துல மாட்டுன வண்டிய இழுத்தது. நான் எழுதாம வேற யாரு எழுதுவா சொல்லுங்க.

சர்ச்சில் 1915 பிப்ரவரியில, அப்ப கடற்படை மந்திரியா இருந்தாரு, டாங்கி மாதிரி வண்டி செய்ய ஒரு கமிட்டி போட்டாரு, காசுக்கும் வழி பண்ணாரு, அது வரைக்கும் சரி. ஆனா அந்த வண்டியோட பூர்வீகம் வயக்காடுங்க. கலிபோர்னியாவுல ஸ்டாக்டன் பக்கம் மண்ணு நம்ம தெலுக் இந்தான் பக்கத்து கரி மண்ணு மாதிரி, பொதபொதன்னு கால் வச்சா இறங்கும். சக்கரத்த எவ்வளவு அகலமா போட்டாலும் டிராக்டர் பொதைஞ்சிடும். ஹோல்ட்னு ஒருத்தரு 1904ல சக்கரத்த கழட்டிட்டு பலகை வச்ச சங்கிலி பட்டைய மாட்டி ஓட்டி பாத்தாரு. அது ஊர்ந்து போறத பாத்துட்டு கம்பளிப்பூச்சி மாதிரி இருக்குன்னு சொல்லப்போய்தான் கேட்டர்பில்லர்னு பேரே வந்துச்சு. முதல் உலகப் போர்ல அந்த டிராக்டருங்கள வச்சு பீரங்கிய இழுத்தாங்க, அதப் பாத்துதான் இது மேல இரும்பு போத்தி பீரங்கி ஏத்தினா என்னன்னு பட்டாளத்துல சில பேருக்கு யோசனை ஓடிச்சு.

செஞ்சதும் யாரு, இங்கிலாந்து லிங்கன் ஊர்ல விவசாய மிஷின் செய்யற பட்டறைதான். டிரிட்டன்னு அதோட முதலாளி மாதிரி ஒருத்தரு, வில்சன்னு ஒரு இஞ்சினியரு. மொதல்ல அமெரிக்காவுலேர்ந்து வந்த சங்கிலிய மாட்டினாங்க, பள்ளத்த தாண்டறப்ப அது தொங்கி கழண்டு போயிடிச்சு. இத படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துச்சு, ஏன்னா புல்டோசர் சங்கிலி மழையில கழண்டா அத மறுபடி மாட்டறது என்ன பாடுன்னு என் முதுக கேட்டா சொல்லும். டிரிட்டன் உக்காந்து இரும்பு தகட்ட ரிவெட் அடிச்சு, தொங்கினாலும் விட்டு விலகாத மாதிரி புதுசா ஒரு சங்கிலி செஞ்சாரு. என்ன கேட்டா டாங்கி பொறந்தது அந்த சங்கிலியிலதான், பீரங்கியும் இரும்பும் அதுக்கு முன்னயே இருந்த சாமான்தானே. நீங்க அந்த சங்கிலிய பத்தி ஒண்ணுமே எழுதல.

ரகசியம் வெளிய போகக்கூடாதுன்னு தண்ணி தொட்டி செய்யறோம்னு சொல்லி வச்சாங்க, அந்த டேங்க்குங்கற பேரே ஒட்டிக்கிச்சு. மலாய்க்காரங்க வச்ச பேருதான் எனக்கு பிடிக்கும், கெரெத்தா கெபால், எந்த ஆயுதமும் துளைக்க முடியாத வண்டின்னு அர்த்தம். 1916 செப்டம்பர் 15 பிரான்ஸ்ல நடந்த சோம் சண்டையில மொதல்ல இறங்கினது 28 டன் வண்டி, உள்ள 8 ஆளு, இஞ்சின் நடுவுலயே ஓடிக்கிட்டு இருக்கும், சூடும் புகையும் தாங்காது, மனுசன் நடக்கற வேகம்தான். பாதி வண்டி வழியிலயே படுத்துக்கிச்சு. அப்பறம் பிரெஞ்சுக்காரன் ரெனோ வண்டியில டிரைவர முன்னால, சுத்தற கூண்ட மேல, இஞ்சின பின்னாலன்னு வச்சான், இன்னிக்கு நம்ம கெமாஸ் முகாம்ல நிக்கிற மலேசிய ராணுவத்தோட பெந்தேக்கார் டாங்கி வரைக்கும் பெரும்பாலும் அதே அமைப்புதான். அந்த பெந்தேக்கார் போலந்துல செஞ்சது, 48 வாங்கினோம், சென்னை ஆவடியில முன்ன செஞ்ச டி 72க்கு ஒரு வகையில பங்காளி முறை வேணும்.

இப்ப நம்ம ஊருக்கு வர்றேன். 1941ல ஜப்பான்காரன் கோத்தா பாருவுல இறங்கினப்ப மலாயாவுல பிரிட்டிஷ்காரன் கையில ஒரு டாங்கி கூட கிடையாது. காடும் கித்தா (ரப்பர்) தோட்டமும் இருக்கற ஊர்ல டாங்கி ஓடாதுன்னு கணக்கு போட்டு வச்சிருந்தான். கித்தா மரத்த நிரை பிடிச்சு நடுவாங்க, நடுவுல லோரியே போகும், இத ஒரு கங்காணிய கேட்டிருந்தா சொல்லிருப்பாரு, தொரை எங்க கேக்கப்போறாரு. 1942 ஜனவரி 7 விடியக்காலம், துரோலாக்லேர்ந்து சிலிம் ரீவர் வரைக்கும், இருபது முப்பது டாங்கிய பெரிய சடக்குலயே (ரோட்டுலயே) வரிசையா விட்டான் ஜப்பான்காரன். சடக்க நேராக்கினப்ப விட்டுப்போன பழைய வளைவு சடக்குங்க கித்தாக்காட்டுக்குள்ள அப்படியே கெடந்துச்சு, முன்னால தடுத்தா அது வழியா புகுந்து பின்பக்கம் வந்துட்டான். பஞ்சாபி, கூர்க்கா, ஸ்காட்லாந்துக்காரன்னு நின்ன பட்டாளம் காலையிலயே செதறிப்போச்சு, அதுல நெறைய இந்திய சிப்பாய்ங்க ஜப்பான்காரன் மலாயாவுக்கு வர்ற வரைக்கும் டாங்கிய கண்ணால பாத்ததே இல்ல. பாலத்துக்கு வெடி வச்சிருந்தும் வெடிக்கறதுக்குள்ள வயர அறுத்துட்டான். நாலு நாள்ல கோலாலம்பூர் போச்சு.

அவன் கொண்டு வந்த டாங்கி ஒண்ணும் பெரிய டாங்கி இல்லங்கறதுதான் வேடிக்கை. பெருசே 15 டன், இரும்பு 25 மில்லி கனம். ரஷ்யாக்காரன் டி 34 அதே நேரத்துல 26 டன், 45 மில்லி இரும்ப சாய்ச்சு வச்சு ஓடிக்கிட்டு இருந்துச்சு, அது முன்னால இது நின்னிருக்காது. எதிர்ல ஒண்ணுமே இல்லாததால இங்க போதும்னு ஆயிடிச்சு. சிலிம் ரீவர் சண்டைக்கு பதினோரு நாள் கழிச்சு மூவார் பக்கம் பக்ரியில இத விட சின்ன ஜப்பான் டாங்கிங்கள ஆஸ்திரேலியாக்காரன் சின்ன பீரங்கி வச்சே வரிசையா நொறுக்கினான்.

எங்க தாத்தா அந்த காலையில லயத்துக்கு பின்னால கானுக்குள்ள (சாக்கடை வாய்க்கால்ல) படுத்துக்கிட்டு சத்தத்த மட்டும் கேட்டாராம், மண்ணு ஆடிச்சுன்னு சொல்வாரு. அடுத்த வருஷம் அவரையே சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஏத்திட்டு போயிட்டான், அது வேற கதை, அதுக்கு தனியா ஒரு கடிதம் எழுதணும்.

அதனால ஐயா, அடுத்த ஞாயிறு கால் பக்கமாச்சும் சிலிம் ரீவருக்கு ஒதுக்குங்க. பேரன் நோட்டுல ஒரு பக்கம் ஒட்டாம விட்டு வைக்க சொல்லிருக்கேன்.

இப்படிக்கு,
பழைய டிராக்டர் டிரைவர்,
சிலிம் ரீவர், பேராக்