ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும்

அன்புள்ள பிள்ளைகளே, பெற்றோரே,

வணக்கம். மாண்டலேயிலிருந்து வந்து உங்களோடு சேர்ந்து படிக்கும் எங்கள் மகளை, ஜூன் மாதம் பள்ளி திறந்ததிலிருந்து நீங்கள் எப்படிப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்பதை அவள் வாயால் கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு மனசிலேயே வைத்திருந்தேன், இனியும் சொல்லாமல் இருப்பது சரியில்லை. தமிழ் படிக்கத் தெரிந்த வீடுகளுக்கு இந்த மடல். மற்ற வீடுகளுக்கு நாங்களே நேரில் வந்து பர்மிய மொழியில் சொல்கிறோம்.

2025 மார்ச் 28 உங்களுக்கும் மறந்திருக்காது. வெள்ளிக்கிழமை மதியம் 7.7 அளவில் வந்த அந்த நிலநடுக்கத்தில் மாண்டலே, சகாய்ங் பக்கம் 3,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், பழைய ஆவா பாலமே ஐராவதி ஆற்றில் சரிந்து விழுந்தது. எங்கள் வீட்டுச் சுவர் பிளந்துவிட்டது. உள்ளே போகப் பயந்து தெருவில் பாய் விரித்துப் படுத்தோம், ஊரே அப்படித்தான் படுத்தது. அப்புறம் அண்ணன் கூப்பிட்டார், ரங்கூனுக்கு வந்துவிட்டோம்.

வந்த பிறகும் அவளுக்குத் தரை லேசாக அதிர்ந்தால் போதும், எழுந்து ஓடுவாள். ரங்கூனில் கரண்ட் போவதும் கடைக்குக் கடை ஜெனரேட்டர் போடுவதும் தினமும் நடப்பதுதானே. பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு கடை. அந்த ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியதும், வகுப்பு மொத்தமும் சத்தமாகப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருக்கும்போது இவள் மட்டும் பையைப் போட்டுவிட்டு வெளியே ஓடியிருக்கிறாள். அந்த வயதுப் பிள்ளைகள் சிரித்திருந்தால்கூட நான் குறை சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

கதவோரம் உட்கார்ந்திருந்த இரட்டைப் பின்னல் பெண் தன் இடத்தை இவளுக்குக் கொடுத்தாள், அதற்காக அந்தப் பெஞ்சில் இருந்த எல்லாரும் ஒருவர் தள்ளி ஒருவர் நகர்ந்து உட்கார்ந்தீர்கள். ஜன்னலோரத் தம்பி செய்ததைத்தான் நான் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கடைக்காரர் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கக் குனிவது அவனுக்குத் தெரியும். குனிந்த உடனே இவள் பக்கம் திரும்பி, "போடப் போறாரு" என்று சொல்லிவிடுகிறானாம். சத்தம் வருவதற்கு முன்பே சேதி வந்துவிடுவதால் இவள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறாள். வீட்டில் நாங்கள் எத்தனையோ விதமாக "ஒன்னுமில்லம்மா, பயப்படாதே" என்று சொல்லிப் பார்த்தோம், எங்களுக்கு இந்த யோசனை வரவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று கேட்டால் யாருமில்லை என்கிறாள். இப்போது வீட்டிலும் அதையே செய்கிறோம், கீழ்வீட்டு ஜெனரேட்டருக்கு அவள் மாமாதான் காவல்.

சாப்பாட்டு நேரத்தில் டிபன் கேரியர்களை ஒன்றாகத் திறந்து வைத்து அவளையும் நடுவில் உட்காரவைக்கிறீர்கள். லபெத் என்னும் ஊறவைத்த தேயிலை டப்பா யாருடையது என்று தெரியவில்லை, அந்தத் தாய்க்கும் நன்றி, மகள் அதைத்தான் விரும்பிச் சாப்பிடுகிறாளாம். வராத நாள் பாடங்களை அழகான கையெழுத்தில் எழுதித் தந்த பிள்ளைக்கும் நன்றி.

சயாமாவுக்கு, அதாவது வகுப்பு டீச்சருக்கு, ஒன்று சொல்ல வேண்டும். புதிதாக வந்த பிள்ளையை வகுப்பின் முன்னால் நிறுத்தி, அங்கே என்ன நடந்தது சொல்லு என்று நீங்கள் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்காததே பெரிய உதவி. பிள்ளைகள் தாங்களாக இடம் மாறி உட்கார்ந்ததையும் கண்டுகொள்ளாமல் விட்டீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

பயம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். சில நாள் இன்னும் ஓடத்தான் செய்கிறாள். அப்போது உங்களில் யாராவது ஒருவர் கூடவே போய் முற்றத்தில் நின்று, அவளாகத் திரும்பும் வரை இருந்து கூட்டி வருகிறீர்கள். பெற்றோரே, இந்த மழைக்காலத்தில் உங்கள் பிள்ளை நனைந்த சட்டையும் சேறு தெறித்த பச்சை லுங்கியுமாக வீட்டுக்கு வந்து நீங்கள் திட்டியிருந்தால், காரணம் இதுவாக இருக்கலாம். தயவுசெய்து திட்டாதீர்கள்.

தீபாவளி விடுமுறைக்கு வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரும் தம்பி தங்கைகளைக் கூட்டிக்கொண்டு எங்கள் அண்ணன் வீட்டுக்கு வர வேண்டும். முறுக்கும் அதிரசமும் சுட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
கதவோரம் உட்காரும் பெண்ணின் அம்மா