மனநல மருந்தும் ஒரு ஈசிஜியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனநலச் சிகிச்சைக்குத் தயங்கக் கூடாது என்ற உங்கள் தலையங்கம் சரிதான். ஆனால் சிகிச்சை தொடங்கிய பிறகு இதயத்தை யார் கவனிப்பது? ஹாலோபெரிடால் போன்ற மனச்சிதைவு மருந்துகளும் சிட்டலோபிராம் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் ஈசிஜியில் (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) 'க்யூடி' எனப்படும் இடைவெளியை, அதாவது ஒவ்வொரு துடிப்பிலும் இதயக் கீழறைகள் மின்னளவில் தூண்டப்பட்டு மீள எடுக்கும் நேரத்தை, நீட்டக்கூடும். அது 500 மில்லி விநாடியைத் தாண்டினால் இதயத்துடிப்பு திடீரெனத் தாறுமாறாகும் ஆபத்து அதிகம். ரத்தத்தில் பொட்டாசியம் குறைந்திருந்தால் இன்னும் மோசம். தியோரிடசின் என்ற மருந்தை அதன் தயாரிப்பாளரே 2005இல் உலகெங்கும் நிறுத்தியது இந்தக் கவலையால்தான்.

என் தம்பி ஆறு ஆண்டுகளாக மனச்சிதைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறான். ஒரு தைப்பூசத்தன்று பினாங்கு தண்ணீர்மலை முருகன் கோயிலில் மயங்கி விழுந்தான். வெயிலும் விரதமும் என்றுதான் நினைத்தோம். அப்புறம் எடுத்த ஈசிஜியில்தான் க்யூடி நீண்டிருப்பது தெரிந்தது. அதுவரை யாரும் எடுக்கச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மருத்துவர் மருந்தை மாற்றினார், நிறுத்தவில்லை. பயந்துபோய் நாமே நிறுத்துவதும் ஆபத்துதான். வலியில்லாத, சில நிமிடச் சோதனை இது. இத்தகைய மருந்தைத் தொடங்கும் முன்பும் அளவைக் கூட்டும்போதும் ஈசிஜி எடுத்து, முடிவை நோயாளியின் அட்டையில் குறித்துத் தருவதை அரசு கிளினிக்குகளில் சுகாதார அமைச்சு வழக்கமாக்கலாம்.

வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு